ஹீத்ரோவுக்குப் போடும் ஊசி கொடைக்கானலுக்கு வேண்டாமா?

வெளிநாட்டு விடுமுறைக்கு வீட்டு நாயையும் கூட்டிப் போக நினைக்கும் குடும்பங்களிடம் பேசிப் பாருங்கள். இரண்டு கருத்துகள் தவறாமல் வரும். லண்டனும் பாரிஸும் கேட்கும் மைக்ரோசிப், ரத்தப் பரிசோதனை, மாதக்கணக்கான காத்திருப்பு எல்லாம் அந்த நாட்டு அதிகாரிகளின் கெடுபிடி, நல்ல ஏஜென்ட் அமைந்தால் தாள்களைச் சரிக்கட்டிவிடலாம் என்பது முதல் கருத்து. இவ்வளவு அலைச்சல் எதற்கு, கொடைக்கானலுக்கு ஓட்டிக்கொண்டு போய்விடலாம், அங்கே யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை என்பது இரண்டாவது. பின்சீட்டில் ஒரு போர்வை, ஒரு பாக்கெட் பிஸ்கட், கழுத்துக்கு ஒரு பெல்ட். தயாரிப்பு அதோடு முடிந்தது. நாய்களுக்கும் இடமுண்டு என்று விளம்பரம் செய்யும் காட்டேஜ்கள் பலவும் இந்த எண்ணத்தை நம்பித்தான் தொழில் நடத்துகின்றன.

இரண்டு கருத்துமே தவறு. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். நாயைப் பயணத்துக்குத் தயார் செய்வது நாயின் வசதிக்காகவும் அதிகாரியின் திருப்திக்காகவும் என்று நம்புகிறோம். உண்மையில் அது போய்ச்சேரும் ஊருக்காகச் செய்யும் வேலை. அந்த ஊரில் ஏற்கெனவே வாழும் மனிதர்களுக்கும் ஆடுமாடுகளுக்கும் காட்டு உயிர்களுக்கும் நம் நாய் எந்த நோயையும் கொண்டுசேர்க்காது என்ற உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு புறப்படுவதுதான் தயாரிப்பு. அப்படிப் பார்த்தால், லண்டனுக்குப் போகும் நாய்க்கு வேண்டிய கவனம் அத்தனையும் கொடைக்கானல் இருக்கும் பழனிமலைக்கு ஏறும் நாய்க்கும் வேண்டும். சில விஷயங்களில் கூடுதலாகவே வேண்டும்.

முதலில் அந்தக் 'கெடுபிடி' என்ன என்று பார்ப்போம். இந்தியாவிலிருந்து வரும் நாய்க்கு ஐரோப்பிய ஒன்றியமும் பிரிட்டனும் ஒரு வரிசை வைத்திருக்கின்றன. முதலில் தோலுக்கடியில் 15 இலக்க எண் கொண்ட மைக்ரோசிப். அதன் பிறகே ரேபிஸ் ஊசி. சிப்புக்கு முன்னால் போட்ட ஊசி கணக்கில் சேராது, ஏனென்றால் அந்த ஊசி இந்த நாய்க்குத்தான் போடப்பட்டது என்று சொல்ல எந்தச் சான்றும் இல்லை. ஊசி போட்டுக் குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். ஒரு மில்லிலிட்டரில் 0.5 சர்வதேச அலகாவது எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்று அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகம் பார்க்கும். டைட்டர் டெஸ்ட் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். தேறினாலும் உடனே கிளம்ப முடியாது. ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். கடைசியில், சென்னையில் பள்ளிக்கரணையில் இருப்பது போன்ற மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் நிலையத்தில் சுகாதாரச் சான்று வாங்க வேண்டும்.

அந்த மூன்று மாதம்தான் எல்லோரையும் எரிச்சலூட்டுகிறது. ஊசியும் போட்டாயிற்று, பரிசோதனையும் தேறியாயிற்று, இன்னும் எதற்கு என்று கேட்கிறார்கள். ரேபிஸ் கிருமி உடம்புக்குள் போனதும் வெளியே தெரியாது. வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் நரம்பு வழியே மெல்ல மூளைக்கு ஏறும். ஊசி போடுவதற்கு முந்தைய வாரம் தெருவில் ஒரு கடி வாங்கிய நாய் பரிசோதனையில் தேறிவிடலாம், விமானத்தில் வாலாட்டிக்கொண்டு ஏறிவிடலாம். அப்படிப்பட்ட நாய் சொந்த ஊரிலேயே நோயைக் காட்டிவிடட்டும் என்பதற்காகத்தான் அந்த இடைவெளி. ஜப்பான் இதையே 180 நாளாக வைத்திருக்கிறது. ஆஸ்திரேலியா இன்னும் ஒரு படி மேலே போய், இந்தியாவிலிருந்து நேரடியாக வரும் நாயை ஏற்பதே இல்லை. வேறொரு அங்கீகரிக்கப்பட்ட நாட்டில் வாழ்ந்துவிட்டுத்தான் அது வர முடியும். இதில் எந்தத் தாளை ஏஜென்ட் சரிக்கட்ட முடியும்? கேட்கப்படுவது காலம். அதை விலைக்கு வாங்க வழியில்லை.

வாங்க முயன்றவர்கள் உண்டு. கொரோனா காலத்தில் அமெரிக்காவுக்கு நாய்களைக் கொண்டுபோனவர்களிடையே போலி ரேபிஸ் சான்றுகள் பெருகின. 2021 ஜூனில் அஜர்பைஜானிலிருந்து ஒரே தொகுதியாக இறக்கப்பட்ட 33 நாய்களில் ஒன்றுக்குப் பென்சில்வேனியாவில் ரேபிஸ் உறுதியானது. அடுத்த மாதமே இந்தியா உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து நாய் வருவதை அமெரிக்கா நிறுத்தி வைத்தது. 2024 ஆகஸ்ட் 1 முதல் நடப்புக்கு வந்த விதிகளின்படி ஆறு மாதத்துக்குக் குறைந்த வயதுள்ள எந்த நாயும் அந்நாட்டுக்குள் நுழைய முடியாது. இந்தியா போன்ற நாடுகளில் ஊசி போட்ட நாய், செல்லத்தக்க டைட்டர் முடிவு இல்லாமல் போனால் 28 நாள் தனிமையில் இருக்க வேண்டும். கொஞ்சம் பேர் தாளை விலைக்கு வாங்கியதற்கு, ஒழுங்காக ஊசி போட்டு வளர்த்த ஆயிரக்கணக்கானவர்களின் நாய்கள் விலை கொடுத்தன. புகழுக்கும் இதில் சலுகை கிடையாது. 2015-ல் நடிகர் ஜானி டெப்பின் இரண்டு சிறிய நாய்கள் அறிவிக்கப்படாமல் ஆஸ்திரேலியாவுக்குள் வந்தபோது, நாட்டை விட்டு அனுப்புங்கள், இல்லையென்றால் அவற்றைக் கொல்ல நேரும் என்று அந்நாட்டு விவசாய அமைச்சர் வெளிப்படையாகவே சொன்னார். உலகம் சிரித்தது. நான் அந்த அமைச்சரின் பக்கம்.

ஏனென்றால் ஒரு நாய் போதும். முயன்று ரேபிஸை ஒழித்திருந்த பிரிட்டனுக்குள், முதல் உலகப் போர் முடிகிற நேரத்தில் 1918-ல், படைவீரர்கள் கள்ளத்தனமாகக் கொண்டுவந்த நாய்கள் வழியே அது மறுபடி நுழைந்தது. துடைத்தெடுக்க 1922 ஆயிற்று. இந்தோனேசியாவின் புளோரஸ் தீவில் ரேபிஸ் இருந்ததே இல்லை. 1997-ல் சுலவேசிப் பக்கத்திலிருந்து ஒரு மீன்பிடிப் படகில் மூன்று நாய்கள் வந்து இறங்கின. அடுத்த ஆண்டிலிருந்து மனிதர்கள் சாகத் தொடங்கினார்கள். தீவின் நாய்களை லட்சக்கணக்கில் கொன்று பார்த்தார்கள், நோய் போகவில்லை. நாயின் மேல் பிரியம் உள்ளவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறை மனதில் போட்டுப் பார்க்க வேண்டும். தயாரிப்பு இல்லாமல் வந்த மூன்று நாய்களுக்காக எத்தனை நாய்கள் செத்தன!

இனி நம் மலைக்கு வருவோம். மலைக்காற்றுக்கு நோய் அண்டாது என்ற நம்பிக்கை கொடைக்கானலின் பிறப்போடு ஒட்டியது. மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிகள் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் வரிசையாக ஆட்களைப் பறிகொடுத்து, 1845-ல் இங்கே ஏறி வந்து வீடு கட்டினார்கள். இந்தக் கதையைச் சொல்பவர்கள் அதன் முதல் பாதியைச் சொல்வதில்லை. அவர்கள் முதலில் ஒதுங்கிய மலை சிறுமலை. அங்கேயும் மலேரியா விடவில்லை என்பதால்தான் இன்னும் உயரம் தேடி வந்தார்கள். உயரம் கொசுவைக் குறைக்கும். நாயின் எச்சிலில் வரும் கிருமிக்கு உயரம் ஒரு பொருட்டே அல்ல. இந்தியாவில் வெறிநாய்க்கடிக்கு மருந்து கொடுக்க எழுந்த முதல் பாஸ்டர் நிலையம் 1900-ல் இமயமலைச் சரிவில் கசௌலியில் அமைந்தது. தென்னிந்தியாவுக்கான நிலையம் 1907-ல் நீலகிரியில் குன்னூரில் அமைந்தது. 1902-ல் ஓர் இளம் ஆங்கிலப் பெண் வெறிநாய்க்கடியால் இறந்ததும், ஹென்றி பிப்ஸ் என்ற அமெரிக்கர் தந்த நன்கொடையும் அதற்குக் காரணமாயின. கோடைவாசத் தலங்களின் வரலாற்றில் ரேபிஸ் தொடக்கம் முதலே இருக்கிறது.

பழனிமலை ரேபிஸ் இல்லாத தீவு என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் பொய். இந்தியாவில் ஆண்டுக்கு 18,000 முதல் 20,000 பேர் ரேபிஸால் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. திண்டுக்கல் மாவட்டமும் இந்த நாட்டுக்குள்தான் இருக்கிறது. ஆனால் இன்னொரு பொருளில் இந்த மலை தீவுதான். மேற்குத்தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே நீண்டு, வெயில் காயும் சமவெளிக்கு மேல் இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் குளிர்ந்து நிற்கும் சோலைக்காடும் புல்வெளியும் கொண்ட நிலத்தை உயிரியலாளர்கள் வானத்தீவு என்றே குறிப்பிடுகிறார்கள். இங்குள்ள உயிர்கள் இறங்கி வேறெங்கும் போய்ப் பிழைக்க முடியாது. 2013-ல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் 600 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்டது, நகரத்தை ஒட்டியே கிடப்பது. அதில் காட்டுமாடு, வரையாடு, சிறுத்தை, நீர்நாய், மரநாய் இருக்கின்றன. செந்நாயும் இருக்கிறது.

செந்நாயை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். உலகம் முழுவதிலும் குட்டிபோடும் வயதில் உள்ள செந்நாய்கள் 2,500-க்கும் குறைவு என்பது பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் கணக்கு. கூட்டமாக வாழும், ஒன்றையொன்று நக்கும், ஒரே இரையை முகத்தோடு முகம் வைத்துத் தின்னும் விலங்கு அது. ஒன்றுக்கு வந்தால் கூட்டத்துக்கே வரும். நாய்களிடையே பரவும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நாயோடு நிற்பதில்லை. 1994-ல் தான்சானியாவின் செரெங்கெட்டியில் சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கு, ஏறத்தாழ ஆயிரம், அந்த வைரஸ் பரவியபோது அழிந்தன. காட்டைச் சுற்றியிருந்த ஊர்களின் வளர்ப்பு நாய்களிடமிருந்து அது தாவியிருந்தது. 2018 செப்டம்பர், அக்டோபரில் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரங்களுக்குள் 23 சிங்கங்கள் செத்தபோது அவற்றின் உடலில் கண்டுபிடிக்கப்பட்டவை டிஸ்டெம்பர் வைரஸும், உண்ணிகள் பரப்பும் பபேசியாவும்.

இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு எத்தியோப்பியாவின் பாலே மலைகள். அங்கே மூவாயிரம் மீட்டருக்கு மேல் குளிர்ந்த புல்வெளியில் மட்டும் வாழ்கிறது எத்தியோப்பிய ஓநாய். மொத்தமே ஐந்நூறுக்கு உட்பட்டது. 1991-92-லும், மறுபடி 2003-04-லும், மேய்ப்பர்களோடு ஏறிவந்த நாய்களிடமிருந்து ரேபிஸ் அந்த ஓநாய்களுக்குள் புகுந்து, தாக்கிய பள்ளத்தாக்குகளில் பெரும்பகுதியைக் கொன்றது. உயரமான மலை, புல்வெளி, எண்ணிக்கையில் குறைந்த நாய்க்குலக் காட்டுவிலங்கு, கீழேயிருந்து வரும் வீட்டு நாய்கள். பழனிமலையில் இந்த நான்கும் இருக்கின்றன. ஐந்தாவதாக ஒன்றும் இருக்கிறது, பாலே மலைகளில் இல்லாதது: ஒவ்வொரு சனிக்கிழமையும் வத்தலக்குண்டு வழியாகவும் பழனி வழியாகவும் ஏறும் கார்கள்.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும். கொடைக்கானலிலேயே தெருவுக்குத் தெரு நாய்கள் திரிகின்றனவே, ஊசி கண்டிராத அந்த நாய்கள் இருக்கும்போது ஏசி அறையில் வளரும் என் நாய் ஒன்றால் என்ன வந்துவிடப் போகிறது என்பார்கள். நியாயமான கேள்விதான், பதில் சொல்ல வேண்டும். ஊர் நாய்களுக்கு ஊசி போட வேண்டியது கட்டாயம். ஒரு பகுதியின் நாய்களில் எழுபது விழுக்காட்டுக்காவது ஊசி போட்டால் ரேபிஸ் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலகெங்கும் ஏற்ற அளவு. அப்படி ஆண்டுதோறும் வீதி வீதியாகப் போட்டுத்தான் கோவா 2021-ல் ரேபிஸ் கட்டுப்பாட்டுப் பகுதி என்ற நிலையை அடைந்தது. கொடைக்கானலும் அதைச் செய்ய வேண்டும். ஆனால் தெருநாயிடம் இருக்கும் கிருமி தெருத் தெருவாகத்தான் நகரும். சென்னையில் இரவு ஏறி விடிகாலையில் ஏரிக்கரையில் இறங்கும் நாய் ஐந்நூறு கிலோமீட்டரை ஓர் இரவில் தாண்டுகிறது. சென்னை வேளச்சேரியில் பரவும் பார்வோ வைரஸையும் டிஸ்டெம்பரையும் மலைக்குக் கொண்டுவர எந்தத் தெருநாயாலும் முடியாது, காரால் முடியும். மேலும் ஊர் நாய்களுக்கு ஊசி இல்லை என்பது உண்மையானால், வருகிற நாய் எதைக் கொண்டுவந்தாலும் இங்கே தடையின்றிப் பிடித்துக்கொள்ளும் என்றே அதற்குப் பொருள். அது வருகிறவரின் பொறுப்பைக் கூட்டுகிறது.

'ஊசியெல்லாம் போட்டாச்சுங்க' என்பது அடுத்த பதில். எந்த ஊசி, எப்போது என்று கேட்டால் குரல் தாழ்ந்துவிடும். குட்டியாக இருந்தபோது போட்டது, புத்தகம் பழைய வீட்டில் இருக்கிறது, போன வருஷம் விட்டுப்போச்சு. ரேபிஸ் ஊசியை நம் நாட்டில் ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். முதல் முறை போடும் நாய்க்கு அது பலன் தர மூன்று வாரமாவது ஆகும், புறப்படும் முந்தைய நாள் மாலை அவசரமாகப் போட்டால் பயணத்துக்கு உதவாது. டிஸ்டெம்பர், பார்வோ, எலிக்காய்ச்சல் ஆகியவற்றுக்கான கூட்டு ஊசி வேறு. டாக்டர்கள் செவன் இன் ஒன், நைன் இன் ஒன் என்பார்கள். ரேபிஸ் ஊசி மட்டும் போட்ட நாயைச் செந்நாய்க் காட்டுக்கு ஓட்டிப் போனால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

காட்டுக்குள் போகப் போவதில்லை, ஏரியைச் சுற்றி நடப்போம், கோக்கர்ஸ் வாக்கில் படம் எடுப்போம், அவ்வளவுதான் என்று சொல்பவர்களும் உண்டு. நோய் பரவ நாயும் செந்நாயும் சந்திக்கத் தேவையில்லை. பார்வோ வைரஸ் மலத்தோடு மண்ணில் விழுந்து மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். எலிக்காய்ச்சல் கிருமி சிறுநீரில் போய் ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் தங்கும், கொடைக்கானலில் ஈரத்துக்குக் குறைவே இல்லை. சமவெளி நாயின் காதுமடலில் ஒட்டிவரும் உண்ணிகள் காட்டேஜ் புல்தரையில் உதிரும். பகலில் உங்கள் நாய் நின்ற இடத்தில் இரவில் மரநாய் வந்து மோந்து பார்க்கும். இந்த ஊரில் காட்டுமாடு பேருந்து நிலையத்துப் பக்கமே வந்து நிற்கிறது. காடு எங்கே முடிகிறது, ஊர் எங்கே தொடங்குகிறது என்று அங்கே கோடு கிழித்துக் காட்ட யாராலும் ஆகாது.

நாடாப்புழுவையும் சொல்ல வேண்டும், அதை யாருமே சொல்வதில்லை. பிரிட்டன், அயர்லாந்து, நார்வே, பின்லாந்து, மால்டா ஆகியவை நாய் வந்து சேர்வதற்கு முந்தைய ஒன்று முதல் ஐந்து நாளுக்குள் டாக்டர் கையால் புழு மருந்து கொடுத்திருக்க வேண்டும் என்கின்றன. அவர்கள் அஞ்சும் புழுவின் இனத்தைச் சேர்ந்த இன்னொன்று நம் நாட்டில் நாய்க்கும் ஆட்டுக்கும் இடையே சுற்றிக்கொண்டிருக்கிறது. நாயின் குடலில் இருக்கும் புழு முட்டைகளைப் புல்லில் விடும். மேயும் ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் அவை நீர்க்கட்டிகளாக வளரும். கைகழுவாத குழந்தையின் ஈரலிலும் வளரும். இதே மலையில் உள்ள மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி நிலையமும், சுற்றுலாப் பயணிகள் விரும்பிப் போகும் பரந்த புல்வெளியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. பெல்ட்டைக் கழற்றி நாயை அந்தப் பச்சையில் ஓடவிட்டுப் படம் பிடிப்பவர்கள், நார்வே கேட்கும் ஒரு மாத்திரையை மன்னவனூருக்காக ஏன் கொடுக்கக் கூடாது?

நாயின் மேல் உள்ள பிரியத்தால்தானே கூட்டி வருகிறோம் என்பது கடைசி அரண். அந்தப் பிரியத்தை நான் சந்தேகிக்கவில்லை, நாய் வளர்க்கும் ஆள்தான் நானும். ஆனால் நாயின் பக்கமிருந்தும் இந்தப் பயணத்தைப் பாருங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் வயிறு நிறைந்த நாய் வாந்தி எடுக்கும், ஏறுவதற்குச் சில மணிநேரம் முன்பே உணவை நிறுத்திவிட வேண்டும். பக், புல்டாக் போன்ற தட்டை மூக்கு நாய்கள் சமவெளியிலேயே மூச்சுக்குத் தவிப்பவை. பல விமான நிறுவனங்கள் அவற்றைச் சரக்குப் பகுதியில் ஏற்ற மறுப்பது அதனால்தான். அவற்றை அடைத்த காரில் நெடுந்தூரம் கொண்டுவந்து, சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இறக்கி, உடனே ஓட விடுகிறார்கள். அமைதியாக இருக்கட்டும் என்று மயக்க மருந்து கொடுப்பது இன்னும் மோசம், விமானப் பயணத்துக்கு அதை மருத்துவர்கள் கூடாது என்கிறார்கள். விமானத்துக்குப் போகும் நாயைக் கூண்டுக்கு வாரக்கணக்கில் பழக்குகிறோம். நிற்க, திரும்ப, படுக்க இடமுள்ள கூண்டை முதலில் வீட்டுக்குள் திறந்து வைத்து, அதிலேயே சோறு வைத்து, அது தானாகவே போய்த் தூங்கும்வரை காத்திருக்கிறோம். அதே கூண்டுப் பழக்கம் இருக்கும் நாய் புதிய காட்டேஜ் அறையில் இரவு முழுக்கக் குரைக்காது, கதவு திறந்ததும் இருட்டுக்குள் ஓடாது.

இருட்டுக்குள் ஓடினால் அங்கே சிறுத்தை இருக்கிறது. மலையோர ஊர்களில் நாய் சிறுத்தைக்கு எளிதில் கிடைக்கும் இரை. நாயைக் காவலுக்கு வெளியே கட்டிப்போட்டுத் தூங்குவது அதைத் தீனியாக வைப்பதற்குச் சமம். காட்டுமாட்டைப் பார்த்துக் குரைத்துப் பாயும் நாய் மிரண்டதும் திரும்பி எஜமானரிடம்தான் ஓடிவரும், பின்னாலேயே முக்கால் டன் எடையுள்ள விலங்கும் வரும். சென்னை வெயிலில் வாடும் ஹஸ்கிக்காவது மலை நல்லதில்லையா என்று கேட்பார்கள். ஆண்டில் நான்கு நாள் குளிர் காட்டுவது மீதி நாளின் வெயிலுக்கு ஈடாகாது. அந்த நாயை வாங்கிய அன்றே எழுந்திருக்க வேண்டிய கேள்வி அது.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது? 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 33ஏ என்றொரு பிரிவு உண்டு. சரணாலயத்துக்கு உள்ளேயும் அதைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குள்ளும் வளர்க்கப்படும் கால்நடைகளுக்குத் தொற்றுநோய்த் தடுப்பூசி போட ஏற்பாடு செய்வது தலைமை வனஉயிரினக் காப்பாளரின் கடமை என்கிறது அது. ஊசி போடாத கால்நடையைச் சரணாலயத்துக்குள் கொண்டுபோகக் கூடாது என்றும் சொல்கிறது. காட்டு விலங்கின் உடல்நலம் வீட்டு விலங்கின் ஊசியில் இருக்கிறது என்பதைச் சட்டம் ஏற்கெனவே புரிந்துவைத்திருக்கிறது. ஆனால் கால்நடை என்பதற்கு அது தரும் பட்டியலில் எருமை, மாடு, ஒட்டகம், ஆடு, குதிரை, பன்றி, வாத்து, கோழி வரை வருகின்றன, நாய் வரவில்லை. செந்நாய்க்கும் சிறுத்தைக்கும் டிஸ்டெம்பரைக் கொடுக்கக்கூடிய விலங்கு விட்டுப்போய்விட்டது. மலைக்கிராமமான பூம்பாறையில் ஒரு பசு வைத்திருப்பவருக்கு உள்ள கடமை, நாயோடு வந்து ஒரு வாரம் தங்கும் விருந்தினருக்கு இல்லை. இந்த ஓட்டையை அடைக்கச் சட்டத்தில் ஒரு சொல் சேர்த்தால் போதும்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவால் கொடைக்கானலுக்கு இ-பாஸ் வந்துவிட்டது. 2025-ல் வார நாளுக்கு 4,000 வண்டி, வார இறுதிக்கு 6,000 வண்டி என்று வரம்பும் வந்தது. வெள்ளி நீர்வீழ்ச்சி டோல்கேட்டில் வண்டியை நிறுத்தி, ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள், இருந்தால் பாட்டிலுக்கு இருபது ரூபாய் பசுமை வரி. நல்ல ஏற்பாடு, நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். ஆனால் பாட்டில் போட்ட இடத்தில் கிடக்கும், குட்டி போடாது. வைரஸ் பெருகும். பாட்டிலைத் தேடும் அதே கை நாயின் தடுப்பூசிப் புத்தகத்தையும் ஒரு நிமிடம் வாங்கிப் பார்க்கலாம். இ-பாஸ் பதிவிலேயே ஊசித் தேதியைக் கேட்டுவிட்டால் அந்த ஒரு நிமிடமும் மிச்சம்.

பணக்கார நாடுகளின் பழக்கத்தை ஏழை மலையில் திணிக்கிறீர்கள் என்று ஒரு நண்பர் என்னிடம் வாதிட்டார். யார் ஏழை என்று பார்ப்போம். நாயோடு காட்டேஜ் எடுத்துத் தங்குபவருக்கு ஓர் இரவு வாடகையில் ஓராண்டு ஊசிகள் அடங்கிவிடும். ரேபிஸ் ஊசியை அரசுக் கால்நடை மருத்துவமனைகள் ஜூலை 6, செப்டம்பர் 28 ஆகிய நாள்களையொட்டி முகாம் வைத்து இலவசமாகவே போடுகின்றன. ஏழை வெள்ளகவியில் இருக்கிறார். வட்டக்கானலுக்கும் டால்பின் நோஸுக்கும் கீழே, காலங்காலமாக ஒற்றையடிப் பாதையில் நடந்தே போய்வரும் ஊர் அது. மலையேற்றத்துக்கு வருபவர்கள் நாயை அவிழ்த்துவிட்டு நடக்க விரும்பும் பாதையும் அதுதான். அங்கே ஒரு குழந்தையை நாய் கடித்தால், தூக்கிக்கொண்டு செங்குத்தாக ஏறி ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். ஒரு முறை வந்தால் தீராது, மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று மறுபடி மறுபடி வர வேண்டும். கடித்த நாய் அதற்குள் சென்னைக்கோ பெங்களூருக்கோ திரும்பியிருக்கும். அதைப் பத்து நாள் கண்காணித்துச் சொல்ல ஆளிருக்காது. ஊசிச் செலவை மிச்சம் பிடித்தவர் யார், நடந்து தீர்ப்பவர் யார்?

ஆகவே மே மாதம் மலைக்கு வர நினைப்பவர் மார்ச்சில் தொடங்க வேண்டும். முதலில் டாக்டரிடம் போய் ரேபிஸ் ஊசியும் கூட்டு ஊசியும் எந்த நிலையில் இருக்கின்றன என்று புத்தகத்தில் பார்த்துப் புதுப்பிக்க வேண்டும். மைக்ரோசிப் வைத்துவிடுவது நல்லது. காட்டோர ஊரில் தொலைந்த நாய் திரும்பக் கிடைக்க அது உதவும், பின்னாளில் நிஜமாகவே வெளிநாட்டுப் பயணம் வாய்த்தால் முதல் படி முடிந்திருக்கும். ஏப்ரலில் கூண்டுப் பழக்கமும், பெல்ட்டை இழுக்காமல் நடக்கும் பழக்கமும் வர வேண்டும். கிளம்புவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பு நாடாப்புழு மருந்தும் உண்ணி மருந்தும் கொடுக்க வேண்டும். மலையில் இருக்கும்வரை பெல்ட் கழற்றக் கூடாது, மலத்தை அள்ளிக் கையோடு எடுத்துவர வேண்டும், இரவில் நாய் அறைக்குள் இருக்க வேண்டும். மூன்று மாதம் ஆகாத குட்டியையும், இருமலோ காய்ச்சலோ கழிச்சலோ உள்ள நாயையும் கொண்டுவரவே கூடாது. காட்டேஜ் நடத்துபவர்கள் ஆதார் அட்டையின் நகலைக் கேட்கும்போதே நாயின் ஊசிப் புத்தகத்தையும் கேட்டு, தேதி கடந்திருந்தால் அறை கொடுக்க மறுக்க வேண்டும். இதற்கெல்லாம் நேரமில்லாதவரின் நாய், தெரிந்தவர் ஒருவரின் பொறுப்பில், தன் வீட்டுத் திண்ணையிலேயே அந்த நான்கு நாளும் இருக்கட்டும்.